ஒன்பது மணிக் கோலம்

மார்கழி மாதத்தில் ஒன்பது மணிக்குக் கோலம் போடும் தெரு பேரணாம்பட்டில் எங்கள் தெரு ஒன்றுதான். மற்ற தெருக்களில் பெண்கள் இருட்டோடு எழுந்து, சாணம் தெளித்து, கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூவும் வைத்து முடித்திருப்பார்கள். எங்கள் தெருவிலோ வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் கோலமாவு டப்பாவே வெளியே வரும். "இன்னாம்மா, ஒங்களுக்கு இப்பதான் விடிஞ்சுதா?" என்று பால்காரர் தினமும் கேட்பார். எங்களுக்கு அதில் வெட்கம் கிடையாது. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மற்ற தெருக்காரர்களுக்குத் தெரியாத அறிவியல் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சார் சொல்லியிருந்தார், அதனால் ஒன்பது மணிக்குப் போட்டோம்.

சார் என்றால் பள்ளிக்கூட சார் இல்லை. தெருமுனையில் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்று இருந்தது, அந்த டேனரியில் மேனேஜர். எங்களுக்கு அடுத்த வீடு. எங்கள் ஜனங்களில் முதன்முதலாக பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவர். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். நாளெல்லாம் டேனரியில் இருந்துவிட்டு வந்தாலும் அவர்மேல் தோல் வாடை அடிக்காது, சந்தனப் பவுடர் வாசம்தான் வரும். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். அவர் வருத்தப்படமாட்டார். நான் ஏன் இப்படி எழுதினேன் என்று எனக்கே உட்கார்ந்து விளக்குவார்.

விளக்குவதுதான் அவருடைய குணம். வேறு குணம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எதைக் கேட்டாலும் "அது இன்னான்னா..." என்று தொடங்குவார். ஆள்காட்டி விரல் மேலே போகும். கண் சுற்றிலும் தேடும். டம்ளரோ, தட்டோ, சீப்போ, ஏதாவது ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், அதை வைத்தே காட்டிவிடுவார். முடிக்கும்போது, "ஒண்ணுமில்லம்மா, சயின்ஸ்தான்" என்பார். அவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்கிற மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதை வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

எதிர்வீட்டு நஸீமாக்காவின் மகன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பினான். நல்ல சித்திரை மாதம். நஸீமாக்காவுக்கு ஒரு பயம். சார் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்ளோ ஒசரம் போறான் சார். சூரியனுக்குக் கிட்டக்க. சுட்டுடாதா?"

சார் சிரிக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் அவர் சிரித்ததில்லை, அதனால்தான் எல்லாரும் அவரிடம் கேட்டோம்.

"அது இன்னான்னா, சூரியன் காத்த நேரா சூடு பண்றது ரொம்ப கம்மிம்மா. அது தரையத்தான் சூடு பண்ணுது. தரை காத்த சூடு பண்ணுது. தரைதான் அடுப்புன்னு வெச்சுக்கோங்க. அடுப்ப விட்டு தள்ளிப் போகப் போக சூடு கம்மியாவும்ல? ஒரு கிலோமீட்டர் மேல போனா ஆறு, ஆறரை டிகிரி கொறையும். அதான் மலை மேல குளிருது. பிளேன் போற ஒசரத்துல வெளிய மைனஸ் ஐம்பதும்மா. ஐஸைவிட குளிர். அதுக்கும் மேல போனா மறுபடியும் சூடு ஏறும், அது வேற கதை."

நஸீமாக்கா அழுதுவிட்டாள். பையனை இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு அனுப்பினாள். சென்னை ஏர்போர்ட்டில் வேர்வை ஊற்ற ஊற்ற அவன் நின்ற போட்டோ தெருவிலிருந்த எல்லா போனுக்கும் வந்தது. பிளேனுக்கு உள்ளே கதகதப்பாக வைத்திருப்பார்கள் என்பதை மட்டும் சார் சொல்லவில்லை. அப்புறம் நஸீமாக்கா சண்டைக்குப் போனபோது, "உள்ள எப்படி இருக்கும்னு நீங்க கேக்கலியேம்மா" என்றார். அதுவும் சரிதானே என்று அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். நாங்கள் எல்லாருமே சிரித்தோம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டேனரியில் ஒருவனுக்கு மிஷினில் இரண்டு விரல் போய்விட்டது. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்கு வந்தாள். மிஷினுக்கு ஏன் தடுப்பு போடவில்லை என்று கேட்கத்தான் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல சண்டை இருக்கும் என்று நான் எங்கள் வாசலில் நின்றேன். சார் அவளை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இரண்டு சப்பாத்திக் கட்டைகளை எடுத்து வந்து, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமும் உருட்டி, ஈரத்தோல் எப்படி உள்ளே இழுக்கப்படுகிறது, கை எந்த நொடியில் கூடப் போகிறது, அந்த நொடியில் மனுஷனால் ஏன் கையை இழுக்க முடியாது என்று காட்டினார். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே தலையாட்டினாள். போகும்போது "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். தடுப்பைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இனி புகைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. நடுவில் ஊர், கிண்ணத்துக்குள் இருக்கிற மாதிரி. மார்கழி, தை வந்தால் விடியற்காலையில் பனி இறங்கும். சில நாள் அந்தப் பனியோடு ஒரு நாற்றம் சேர்ந்து வரும். தோல் வாடை எங்களுக்குப் பழக்கம், அது மூக்கிலேயே ஏறாது. இது வேறு. மயிர் பொசுங்கிய நாற்றம். டேனரி பாய்லருக்கு விறகுதான் போடுவார்கள். ஆனால் வெட்டித் தள்ளிய தோல் துண்டும் சீவின தூளும் மலையாகக் குவிந்துவிட்டால், வண்டி வைத்து அப்புறப்படுத்துவதற்குப் பதில் பாய்லருக்குள் தள்ளிவிடுவார்கள். அந்தப் புகை மேலே போகாது. குழாயிலிருந்து வெளியே வந்து, சோம்பேறி மாதிரி அப்படியே தெருவில் படுத்துக்கொள்ளும். குனிந்து கோலம் போட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஐந்து நிமிஷம் குனிந்து நின்றால் நெஞ்சு அடைக்கும்.

என் அம்மாவுக்கு ஏற்கனவே இழுப்பு உண்டு. பீடி சுற்றுகிறவள். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றியே அக்காவையும் என்னையும் ஆளாக்கினாள். ஒரு மார்கழியில் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அன்றைக்குத்தான் தெருப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தோம். எங்கள் வாசலிலிருந்து நேராக சார் வீட்டுக்குப் போனோம். நஸீமாக்கா முன்னால் போனாள்.

"இன்னா சார் இது? மனுஷங்க இருக்கறதா, போறதா?"

சார் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். ஹாலில் தரையில் உட்காரச் சொன்னார். சாமி மாடத்திலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்து, கொளுத்தி, தரையில் ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்தார். புகை நூல் மாதிரி நேராக மேலே போனது.

"பகல்ல இப்டிதான். கீழ சூடு, மேல குளிர். சூடான பொகை லேசு, அது பாட்டுக்கு மேல போய்டும்."

பிறகு சமையலறைக்குப் போய் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஊதுபத்திக்கு மேலே பிடித்தார். புகை தட்டில் முட்டி, பக்கவாட்டில் பரவி எங்கள் முகத்துக்கு வந்தது. ஆளாளுக்குத் தும்மினோம்.

"ராத்திரி ஆனா அடுப்பு அணைஞ்சிடும். தரை குளிர்ந்து போவும். தரைய ஒட்டி இருக்கிற காத்தும் குளிர்ந்துடும். குளிர் காத்து கனம், அது கீழயே கெடக்கும். அதுக்கு மேல இருக்கிற காத்து இன்னும் சூடாவே இருக்கும். எல்லாம் தலைகீழ். கீழ குளிர், மேல சூடு. அந்தச் சூடான காத்துதான் இந்தத் தட்டு. மூடின்னு வெச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியாத மூடி. பொகை அதத் தாண்டாது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் வந்து தரைய சூடு பண்ணிச்சின்னா மூடி தொறந்துக்கும். ஒண்ணுமில்லம்மா, சயின்ஸ்தான்."

நாங்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷமாக நம் தலைக்கு மேலே ஒரு மூடி இருந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. சாரின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, கோலத்தை இனி ஒன்பது மணிக்கு மேல் போடுவதென்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டு எழுந்து வந்தோம். சண்டைக்குப் போனவர்கள் பாடம் படித்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு சார் இன்னொரு உபகாரமும் செய்தார். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது தெரு நடுவில் நிற்பார். வானத்தைப் பார்ப்பார். மேகம் இருக்கிறதா, காற்று அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு வீடாகக் குரல் கொடுப்பார். "நாளைக்கு மூடிம்மா! ஜன்னல சாத்திக்கோங்க. கொழந்தைங்கள வெளிய விடாதீங்க." மறுநாள் பார்த்தால் சொன்னது சொன்னபடி தெருவெல்லாம் புகை இருக்கும். அவர் சொல்லாத நாளில் பனி எவ்வளவு இறங்கினாலும் நாற்றம் வராது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. டிவியில் மழை வரும் என்பான், வராது. சார் சொன்னால் வந்துவிடும். தீபாவளி அதிரசம், ரம்ஜான் ஷீர் குர்மா எதுவானாலும் முதல் கிண்ணம் அவர் வீட்டுக்குத்தான் போனது. புகை வரும் என்று சொன்ன மனுஷனுக்குப் பலகாரம் கொடுத்துக் கும்பிட்டோம்.

ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற அளவு சந்து. அடுத்த மார்கழியில் அம்மாவுக்கு இழுப்பு ஜாஸ்தியானது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஊசி போட்டார், உறிஞ்சுகிற மருந்து எழுதினார். பீடித்தூளும் காரணம், புகையும் காரணம் என்றார், இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் சார் பார்க்க வந்தார். மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் பார்த்து, எது எதற்கு என்று எனக்கு டாக்டரைவிட நன்றாகச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெரிய பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடும்மா. பொங்கல் வரைக்கும்."

அக்காவைக் கட்டிக் கொடுத்தது வி.கோட்டா போகிற மலைரோட்டில். ஏறும்போது பாதியில் ஒரு வளைவு வரும், அங்கே சரிவில் கொஞ்சம் வீடுகள். மாமா தக்காளி போட்டிருந்தார். அம்மா கட்டிலில் இருந்தபடியே கையை ஆட்டினாள்.

"மேல போனா குளிர் ஜாஸ்தி சார். நீங்கதான சொன்னீங்க. கீழயே தாங்கல எனக்கு."

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல கேள்வி வந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

"அது பகல் கணக்கும்மா. விடிகாலைல வேற கணக்கு. குளிர் காத்து கனம்னு சொன்னேன்ல? ராத்திரில அது தண்ணி மாதிரி மலைச்சரிவுல எறங்கி வந்து நம்ம ஊர்ல தேங்கிடும். மூடி நம்ம தலைக்குக் கொஞ்சம் மேலதான் இருக்குது. பாதி மலை அதுக்கும் மேல. அங்க கதகதப்பா இருக்கும், பொகையும் வராது. உச்சிக்கு மட்டும் போகாதீங்க, அங்க மறுபடியும் குளிரும். ஒங்க பொண்ணு வீடு இருக்குதே, அதான் சரியான எடம்."

மறுநாள் அவரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, வளைவில் நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் பேசினார். தன் மனைவியின் சால்வையைக் கொடுத்து, போர்த்திக்கொள்ளச் சொன்னார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசக்காது.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. அம்மா போன முதல் காலையிலேயே அக்கா போன் பண்ணினாள், ராத்திரி முழுக்க இருமல் இல்லை, விடிகாலையில் சால்வையைக்கூட விலக்கிப் போட்டுவிட்டாள் என்று. அன்று நான் கீழே வேலைக்குக் கிளம்பும்போது பல் கிட்டியது. பாதி மலையில் அம்மாவுக்கு வேர்க்கிறது. சாரைப் பார்த்துச் சொன்னேன். "பாத்தியா? சயின்ஸ்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அம்மாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பீடி முறத்தை அக்கா பிடுங்கி வைத்துவிட்டாள். விடியும்போதே எழுந்து, வீட்டுக்கு முன்னால் இருந்த பாறையில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஊர் தெரியாது. வெள்ளை வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி பனி மட்டும் சமமாகக் கிடக்கும். நாலைந்து நாள் கழித்து எனக்கு போன் வந்தது. நான் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்.

"நேத்து சார் மூடின்னு சொன்னாரா?"

"சொன்னாரு. ஏம்மா?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே கேள்வி. சொல்லவில்லை என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டாள். கிழவிக்கு வேலையில்லாமல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வா, சனிக்கிழமையே வந்து ராத்திரி தங்கு என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் சார் "நாளைக்கு மூடிம்மா" என்று குரல் கொடுத்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

விடிந்ததும் அம்மா என்னை எழுப்பிப் பாறைக்குக் கூட்டிப் போனாள். அவளாகவே நடந்தாள், நடுவில் நிற்கவில்லை. கீழே பனி சுத்தமாக, பார்க்கவே அழகாக இருந்தது. கிழக்கே வெளுக்கும்போது ஊரின் ஒரு ஓரத்தில், எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில், பனிக்குள் ஒரு கறை தெரிந்தது. பழுப்பாகக் கொஞ்சம் எழும்பியது. எதிலோ முட்டிய மாதிரி நின்றது. பிறகு பக்கவாட்டில் பரவியது. அன்றைக்கு ஹாலில் தட்டுக்கு அடியில் பார்த்த அதே பரவல்.

"தெனம் பாக்கறேன்டி" என்றாள் அம்மா. "பனி தெனமும் இருக்குது. இதே ஒசரத்துல, இதே மாதிரி. மூடி எல்லா நாளும் இருக்குது. ஆனா இந்தக் கறை எல்லா நாளும் வர்றதில்ல. அவர் சொல்ற நாள்ல மட்டும்தான் வருது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பல் தேய்த்துக்கொண்டே வந்த மாமா எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"தோல் துண்டு எரிக்கறானுங்க. பகல்ல எரிச்சா கருப்பா ஒசரமா போவும், ஊரே பாக்கும். பனில எரிச்சா எவனுக்குத் தெரியும்?"

என்றைக்கு எரிப்பது என்று முடிவு பண்ணுகிற ஆள் மேனேஜர்தான். நாளைக்கு மூடி என்று வானத்தைப் பார்த்து அவர் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு எரிக்கச் சொல்லிவிட்டு வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நாங்கள் அதிரசம் கொடுத்தோம். அம்மா கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியக் காட்டிக் காட்டி அடுப்ப மறைச்சிட்டாரே" என்றாள்.

போகிக்கு முதல் நாள் அம்மா கீழே வந்துவிட்டாள். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

போகி அன்று விடியும் முன்பே தெருவில் எல்லாரும் பழைய பாய், கிழிந்த துணி, உடைந்த கூடை என்று குவித்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டியை எடுக்கும்போது சார் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். அந்த நேரத்திலும் சட்டைப் பொத்தான் மணிக்கட்டு வரை போட்டிருந்தது.

"கொளுத்தாதீங்கம்மா! மூடி இருக்குது. பொகை மேல போகாது, கொழந்தைங்க மூச்சுலதான் போகும். பத்து மணிக்கு மேல கொளுத்துங்க."

தீப்பெட்டிகள் உள்ளே போயின. அப்போது அம்மா எங்கள் வாசற்படியிலிருந்து இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"பத்து மணிக்குக் கொளுத்தினா பொகை மொத்தமும் போய்டுமா சார்?"

சாரின் விரல் மேலே போனது. "அது இன்னான்னா, வெயில் வந்து தரை சூடாச்சுன்னா காத்து தானா மேல ஏறும்மா. பொகையயும் தூக்கிட்டுப் போய்டும். ரொம்ப ஒசரத்துக்குப் போய்க் கலைஞ்சிடும். கீழ இருக்கிறவங்களுக்கு நாத்தம்கூட தெரியாது."

"யாருக்கும் மூச்சு அடைக்காதா?"

"அடைக்கவே அடைக்காது. ஒரு சொட்டு கீழ வராது."

"அப்போ நீங்க ஏன் சார் அஞ்சு மணிக்குக் கொளுத்துறீங்க?"

சார் கண்ணால் சுற்றிலும் தேடினார். டம்ளரோ தட்டோ எதுவும் கைக்கு அகப்படவில்லை. மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரால் விளக்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"அது இன்னான்னா... பகல்ல எரிச்சா பொகை ஒசரமா போவும்மா. குடியாத்தம் ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். கம்ப்ளைண்ட் போவும். ஆபீசருங்க வருவாங்க, சீல் வெச்சிடுவாங்க. கீழயே இருந்துச்சின்னா நம்ம தெருவோட போய்டும்." கையால் வீடுகளை வரிசையாகக் காட்டினார். "நம்ம தெருல எத்தினி வீட்ல ஷாப்ப நம்பி சாப்பிடுறோம்? என் கைல இன்னாம்மா இருக்குது? நானும் சம்பளத்துக்கு இருக்கிறவன். மேல இருக்கிறவங்க சொல்றாங்க, செய்றேன். அதான் முன்னாடியே ஒங்களுக்குச் சொல்லிடறேன்ல?"

அம்மா மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது ஒருத்தி வாயைத் திறப்பாள் என்று நினைத்திருப்பாள். ஒருத்தி புருஷன் டேனரியில், ஒருத்தி தம்பி டேனரியில். நஸீமாக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள். குவியல்கள் அப்படியே கிடந்தன. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எல்லாரும் வந்து கொளுத்தினார்கள். சார் சொன்ன மாதிரியே புகை நேராக மேலே போனது.

அதற்குப் பிறகு சார் சாயங்காலம் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எரிப்பதை விடவில்லை. அடுத்த மார்கழியில் எந்த நாள் புகை வரும் என்று யாருக்கும் தெரியாமல் போனது. துணி காயப்போட்டவர்கள் மறுபடியும் துவைத்தார்கள், குழந்தைகள் இருமின. கோபம் யார்மேல் வந்தது தெரியுமா? என் அம்மாமேல். "முன்னாடி சொல்லிக்கிட்டாச்சும் இருந்தாரு. இவங்க வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று நஸீமாக்காவே என் காதுபடச் சொன்னாள். ரெண்டு பெண்கள் பலகாரத் தட்டோடு சார் வீட்டுக்குப் போய், மறுபடியும் சொல்லச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தார்கள். சாருக்கும் மனசு இளகிவிட்டது. மறுபடியும் குரல் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் சத்தம் போடாமல் கடந்து போவார்.

அம்மா இந்தத் தடவை மலைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். "அவர் எரிக்கறதுக்கு நான் ஏண்டி ஊர விட்டுப் போணும்?" என்றாள். அக்கா வந்து அழுதாள். நான் கத்தினேன், சோறு வேண்டாம் என்று கிடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அதோடு விட்டாளா? ஒன்பது மணிக் கோலத்தையும் விட்டாள். ஐந்து மணிக்கு எழுந்து, வாயில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, புகைக்குள் குனிந்து கோலம் போட்டாள். அந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு அவள் ஒருத்திதான். புள்ளி கோணிக்கொண்டு போகும். நடுவில் உட்கார்ந்துவிடுவாள், மூச்சு வந்ததும் எழுந்து மிச்சத்தைப் போடுவாள். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. யாருக்குக் காட்ட அந்த வீம்பு? பார்க்கிறதற்குத் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லையே.

மார்கழி முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். டாக்டர் சொன்னபடி தாங்கவில்லை.

சார் இப்போது அந்தத் தெருவில் இல்லை. ஏலகிரியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. அங்கே காற்று நன்றாக இருக்கும், எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா?

அவரைப் பற்றி எனக்கு இருக்கிற கடைசி ஞாபகம் அம்மாவை எடுத்த அன்றைய காலை. விடிகிற நேரத்தில் தெருவில் பெஞ்ச் போட்டு அம்மாவைக் கிடத்தியிருந்தோம். பனி கனமாக இறங்கியிருந்தது. உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சார் பெரிய ரோஜா மாலையோடு வந்து அம்மாவின் காலடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்மையாகவே அழுதிருந்தார். பிறகு ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனார். பெரியப்பா ஏதோ கேட்டிருப்பார். "அது இன்னான்னா" என்ற குரல் என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். உறவுக்காரக் குழந்தை ஒன்றின் கையிலிருந்த பலூனை வாங்கி, நுரையீரல் எப்படி விரிகிறது, பீடித்தூள் போய்ப் படிந்தால் ஏன் விரிய முடியாது என்று காட்டிக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்கு வந்த ஜனம் அமைதியாகத் தலையாட்டிக் கேட்டது. நன்றாகத்தான் சொன்னார்.

முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. விடிந்து இவ்வளவு நேரமாகிறது, இத்தனை பனி இருக்கிறது, தெருவில் ரோஜா வாசனையும் சாம்பிராணி வாசனையும்தான் வருகிறது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. யாரும் இருமவில்லை.

"இன்னைக்கு மூடி இல்லியா சார்?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்.

"இருக்குதும்மா. நல்ல கனமாவே இருக்குது" என்றார். பிறகு குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அம்மா வெளிய படுத்திருக்காங்கல்ல. அதான் இன்னைக்கு ஒருநாள் எரிக்க வேணாம்னு சொல்லிட்டேன்."